இரண்டு டீ

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. பெங்களூரில் ஜூன் பிறந்தால் துணி காய வைப்பது பெரும்பாடு. வாஷிங் மெஷினும் பழுது. ரிப்பேர்காரரைக் கூப்பிட்டால் "நாளைக்கு மேடம்" என்கிறார். அவருக்கு எல்லா நாளும் நாளைதான்.

ஹாஜிரா ஹாலந்திலிருந்து பேசினாள். எங்களிடம் ஆராய்ச்சி முடித்துப் போனவர்களில் இன்னும் வாரம் தவறாமல் கூப்பிடுகிறவள் அந்தக் கீழக்கரைப் பெண் ஒருத்திதான். சிலி நாட்டு மலைப் பாலைவனத்தில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறாளாம். இந்த மாதிரி வாய்ப்பு அவளுக்கு இன்னொரு முறை வராது. இது அமைந்தால் ஹாலந்திலேயே வேலை நிரந்தரமாகிவிடும். அவள் பார்க்கப் போவது எங்கள் கடைக்குட்டியை.

கடைக்குட்டி ஒரு நட்சத்திரம். கூடப்பிறந்த நட்சத்திரங்களில் கடைசி என்பதால் இவர் வைத்த பெயர். எந்த நட்சத்திரமும் பிறக்கும்போது அதைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த ஒரு தட்டு சுழலும். கோள்கள் அதிலிருந்துதான் உருவாகின்றன. ஒரு கோடி ஆண்டுக்குள் வாயு கலைந்து போய்விடும். பிறகு கற்களும், அவை மோதி உடைகிற தூசியும்தான் மிச்சம். கடைக்குட்டிக்கு வயது மூன்று கோடி. அதன் தட்டில் வாயு இருக்கவே கூடாது. இருக்கிறது என்று மூன்று வருடத்துக்கு முன் கட்டுரை எழுதிச் சொன்னவர் என் வீட்டுக்காரர் நல்லசிவம். அதில்தான் அவருக்கு உலகமெல்லாம் பெயர் வந்தது.

நான் தூசியை ஆராய்கிறவள், அவர் வாயுவை. "மேடத்துக்குத் தூசி, சாருக்கு வாயு" என்று மாணவர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். வீட்டிலும் நிலைமை அதுதான்.

பழைய தரவையும் கணக்கு போட்ட கணினி நிரலையும் ஹாஜிரா கேட்டாள். "போன வாரமே அனுப்பிட்டனே" என்றார் இவர். "வரலையே சார்" என்றாள். பேசி முடிக்கும்போது, "வாப்பா நல்லாருக்காராம்மா?" என்று கேட்டார்.

அவள் வாப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் இருவரும் கீழக்கரைக்கே போய்வந்தோம். "நல்லா இருக்காங்க சார்" என்றாள் ஹாஜிரா.

எத்தனை மாணவர்கள், எத்தனை அப்பாக்கள். குழம்புவது யாருக்கும் நடப்பதுதான்.

ஜூன் 14, சனி

ரிப்பேர்காரர் வரவில்லை. இவர் அல்வா வாங்கி வந்தார். நேற்றும் வாங்கி வந்தார், முந்தாநாளும். இனிப்பைக் கண்டாலே முகம் சுளிக்கிற மனிதர். ஃபிரிட்ஜில் தயிருக்கு இடமில்லை.

ஜூன் 18, புதன்

சாயங்காலம் நடக்கப் போனவரை எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்துத் தோட்டக்காரர் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். பேசிக்கொண்டே வந்தார்களாம். தோட்டக்காரருக்குக் கன்னடம் தவிர எதுவும் தெரியாது. இவருக்குக் கன்னடம் சுத்தமாக வராது. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. நல்ல மனிதர் அந்தத் தோட்டக்காரர். ஒரு டப்பா அல்வா கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று கேன்டீனிலிருந்து ஒருவர் இரண்டு கையிலும் டீ தம்ளரோடு மாடி ஏறியதைப் பார்த்து வராண்டாவில் நின்றவர்கள் எல்லோரும் "ஓஹோ, யாருக்கு?" என்று கத்தினார்கள். எங்கள் குழுவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் கூத்து புரியாது.

அது இவர் உண்டாக்கிய வழக்கம். ஒருவர் செய்த தவறை இன்னொருவர் கண்டுபிடித்தால் மூன்றாம் ஆளிடம் மூச்சு விடக்கூடாது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு தவறு செய்தவரின் மேசைக்குப் போகவேண்டும். ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். தவறு இன்னது என்று சொல்லக்கூடாது. தாளை முன்னால் வைத்தால் போதும், அவரே கண்டுபிடிப்பார். முடிந்ததும் இவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவேண்டும்: "பரவால்ல. எல்லாருக்கும் வர்றதுதான். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

எனக்கு எத்தனையோ முறை டீ வந்திருக்கிறது. இவருக்கு யாரும் கொண்டுபோய் நான் பார்த்ததில்லை. தேவைப்பட்டதில்லை. அவர் கணக்கைச் சரிபார்ப்பது சூரியன் கிழக்கில் உதித்ததா என்று எட்டிப்பார்ப்பது போல. நானும் பார்த்ததில்லை.

ஜூலை 3, வியாழன்

ஹாஜிரா மறுபடி கேட்டாள். "அனுப்பிட்டேன்னு சொன்னனல்லோ" என்று இவர் என்மேல் எரிந்து விழுந்தார். மதியம் அவர் தூங்கும்போது அவருடைய கணினியில் நானே தேடினேன். தரவு கிடைத்தது, நிரலும் கிடைத்தது. அனுப்புவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமே என்று ஓட்டினேன்.

ரிப்பேர்காரர் இன்று வந்துவிட்டார். பெல்ட் அறுந்திருக்கிறதாம்.

ஜூலை 5, சனி

நேற்று எழுத உட்காரவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். தவறு என்னுடையதாக இருக்கவேண்டும் என்று இவ்வளவு ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை.

இதை நிதானமாக எழுதிவைக்கிறேன். தட்டில் இருக்கும் வாயு அந்த நட்சத்திரத்தோடு சேர்ந்தே நகரும். அதனால் வாயுவின் வேகமும் நட்சத்திரத்தின் வேகமும் ஒத்துப்போனால்தான் வாயு அந்த நட்சத்திரத்துடையது என்று சொல்லலாம். நட்சத்திரப் பட்டியலில் அதன் வேகம் சூரியனை வைத்துச் சொல்லப்பட்டிருக்கும். தொலைநோக்கி வாயுவின் வேகத்தைச் சூரியனுக்கு அக்கம்பக்கத்து நட்சத்திரங்களின் சராசரி ஓட்டத்தை வைத்துக் கொடுக்கும். ஒன்றை மற்றதாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடவேண்டும். புதிதாக வரும் மாணவர்களுக்கு இவர் முதல் நாளே சொல்வது இதைத்தான்: "துபாய்க் கடிகாரத்தையும் கோயமுத்தூர்க் கடிகாரத்தையும் பக்கத்துல வெச்சுட்டு மணி ஒண்ணாருக்குதுன்னு சொல்லீராதீங்க."

மூன்று வருடத்துக்கு முன் இவர் மாற்றவில்லை. அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டார். எண்கள் தற்செயலாக ஒத்துப்போயின. மாற்றிப் பார்த்தால் வாயுவின் வேகம் வேறு, நட்சத்திரத்தின் வேகம் வேறு. அது கடைக்குட்டியின் வாயு இல்லை. நமக்கும் அதற்கும் நடுவில் எங்கோ நிற்கிற ஒரு மேகத்தினுடையது. இவர் அப்போது பயன்படுத்திய சிறிய தொலைநோக்கியால் இரண்டையும் பிரித்துப் பார்க்கமுடியாது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடைக்குட்டியின் தட்டில் தூசி மட்டும்தான் இருக்கிறது.

அந்த வருடம் அவருக்கு வேலை அதிகம். இரண்டு மாநாடுகள், தங்கச்சி மகள் கல்யாணம் வேறு. களைப்பில் யாருக்கும் வரும் தவறுதான்.

ஜூலை 8, செவ்வாய்

யாருக்கும் வரலாம். அவருக்கு வராது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைச் சரியாகச் செய்வார்.

அந்த வருடத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டே புடலங்காய் நறுக்கினேன். ஈரோட்டில் அந்தக் கல்யாணத்தில், பிறந்ததிலிருந்து தெரிந்த மாமாவை "இவரு ஆரு?" என்று என் காதில் கேட்டார். நான் சிரித்தேன். மாமாவுக்கு முடி கொட்டிவிட்டது, அதனால் அடையாளம் தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

புடலங்காய்க் கூட்டில் உப்பு போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதற்குக்கூடப் பயமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

ஹாஜிராவின் விண்ணப்பத்துக்கு இந்த மாதக் கடைசி கெடு. தரவை இன்னும் அனுப்பவில்லை. "பரவால்ல மேடம், கட்டுரையில இருக்கற எண்ணையே எடுத்துக்கறேன். சார் போட்ட கணக்குதானே" என்கிறாள். அவளுக்கு நேரம் கிடைக்கும். உலகத்திலேயே பெரிய தொலைநோக்கியைத் திருப்பி அங்கே பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. அவள் பெயரும் அதோடு போய்விடும்.

அவளுக்கு நான் ரகசியமாக எழுதலாம். அது வழக்கமில்லை. தவறு செய்தவரிடம்தான் முதலில் சொல்லவேண்டும். ஆனால் தவறைக் காட்டினால் அதன் அர்த்தத்தையும் அவர் கண்டுபிடித்துவிடுவார். அவர் மூளை அப்படிப்பட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் காட்டினாலும் புரியாது, அதுவரை

மேலே எழுதியதை அடித்தேன். அடித்தாலும் படிக்க முடிகிறது.

ஜூலை 15, செவ்வாய்

நரம்பு டாக்டரிடம் இன்று இவரைக் கூட்டிப்போவதாக இருந்தது. தலைசுற்றலுக்காகத்தான், வேறொன்றுமில்லை. பெல்ட் மாற்ற ஆள் வருகிறார் என்று தள்ளிப்போட்டேன். ஏப்ரலில் தள்ளிப்போட்டதற்கு என்ன காரணம் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எங்கள் வீடு காபி வீடு. டீத்தூள் வாங்குவதே இல்லை. காலையில் கடைக்குப் போய்ச் சின்னப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு தம்ளரில் டீ போட்டேன். நட்சத்திரத்தின் பெயரை மறைத்து மடிக்கணினியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டீயையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். மழை விட்டிருந்தது. இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு தம்ளரையும் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட! ஆருக்கு அம்மணி இன்னைக்கு?"

"எனக்குத்தானுங்க" என்றேன். "என்ற கணக்குல ஒரு சிக்கலுங்க. நீங்களே பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நேற்று மதியம் சாப்பிட்டோமா இல்லையா என்று கேட்ட மனிதர், திரையை அப்படியே விழுங்குவது போலப் பார்த்தார். விரல் ஒரு கோட்டில் வந்து நின்றது.

"இந்த வேகம் எதை வெச்சு?"

"சூரியனை வெச்சுங்க."

"இது?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதுதானே வழக்கம்.

"ஏனம்மணி, ரெண்டையும் மாத்தாம பக்கத்துல வெச்சுட்டியா? துபாய்க் கடிகாரமல்லோ இது!" சிரித்தார். "வாயு நட்சத்திரத்துது இல்ல. நடுவால ஏதோ மேகம் நிக்குது. அதோடது." டீயில் ஆவி அடங்குவதற்குள் கண்டுபிடித்துவிட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அழுவாத. எல்லாருக்கும் வர்றதுதான். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டீயை எடுத்துக் குடித்தார். பாதியில் நிறுத்திவிட்டுத் தம்ளரைப் பார்த்தார்.

"டீ ஆரு போட்டது?"

"நான்தானுங்க."

"நீ போட்டு, நீயே கொண்டாந்தே." மெதுவாக யோசித்தார். "தப்பு பண்ணுனவங்க டீ கொண்டார மாட்டாங்களே அம்மணி. கண்டுபுடிச்சவங்கதானே கொண்டாருவாங்க."

இவ்வளவு யோசித்தவளுக்கு இது தோன்றவில்லையே. பொய் சொல்ல வந்தவள் கையோடு சாட்சியையும் கொண்டு வந்திருக்கிறேன். அவர் திரையை மேலே தள்ளினார். மறைத்து வைத்த பெயர் வந்தது.

"கடைக்குட்டியா?"

"ஆமாங்க."

கட்டுரையைப் பற்றிக் கேட்பார், பெயர் போகுமே என்று வருந்துவார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அப்பவேவா?" என்றார்.

"அப்பவேதானுங்க."

சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து என் மடியில் வைத்தார். படங்களைத் திறந்து காட்டினார். வண்டிச் சாவி தொங்கும் ஆணி. எங்கள் வீட்டுக் கதவு, எண்ணோடு. வீட்டுக்குத் திரும்பும் முனையில் இருக்கும் வேப்பமரம். அடுப்புக் குமிழ் மூடியிருப்பது. எனக்குத் தெரியாமல் தானே எடுத்துவைத்தவை, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. கடைசியில் நான். நான் தூங்கும்போது எடுத்தது. அடியில் "மரகதம்" என்று தட்டச்சு செய்திருந்தார்.

"நீ பயந்துக்குவீன்னுதான் சொல்லல" என்றார்.

நானும் அதையேதான் செய்தேன் என்று சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது. அவர் என் தம்ளரையும் எடுத்து என் கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்.

ஜூலை 21, திங்கள்

ஹாஜிராவுக்கும் கட்டுரை வந்த இதழுக்கும் கடிதம் எழுதினோம். "தவறு எங்களுடையது" என்று எழுதினேன். "'என்னுடையது'ன்னு போடு" என்றார். "கட்டுரையில நானுந்தானுங்க பேர் போட்டேன்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்படிச் சண்டை போட்டதில்லை. அவர்தான் ஜெயித்தார்.

ஹாஜிரா உடனே கூப்பிட்டாள். அவள் பேசத் தொடங்குவதற்கு முன் இவரே சொன்னார்: "வாப்பா தவறுனது எனக்கு மறந்துபோச்சும்மா. மேடம்தான் சொன்னா. மன்னிச்சுக்க."

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றாள். "வாப்பா நல்லாருக்காரான்னு இப்பல்லாம் யாரும் கேக்கறதே இல்ல. நீங்க கேட்டப்ப, கொஞ்ச நேரம் அவங்க இருந்த மாதிரி இருந்துச்சு."

வேறொரு நட்சத்திரத்தை வைத்து விண்ணப்பிக்கப் போகிறாள். நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. என்னிடம் இருக்கும் தூசித் தரவு முழுவதையும் அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இந்த முறை தள்ளிப்போடவில்லை. டாக்டர் ஓசூர்க்காரர், தமிழில் பேசினார். படங்களை விளக்கில் வைத்துக் காட்டினார். மூளையின் முன்பக்கமும் பொட்டுப்பக்கமும் சுருங்கியிருக்கின்றன. மருந்து உண்டு, அது கொஞ்சம் தாமதப்படுத்தலாம் என்றார். குணமாகும் என்று சொல்லவில்லை.

"எப்பலேருந்து இருக்கும்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் இந்த இடத்தில் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்களாம். நான் தேதியைச் சொன்னேன். நிரலைக் கடைசியாகச் சேமித்த தேதி. டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

வரும் வழியில் இவர் கேட்டதற்காக அல்வா வாங்கினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

திருத்தம் வெளியாகிவிட்டது. சின்னக் குறிப்புதான். படித்துக் காட்டினேன். "ஆரு எழுதுனது? சுத்தமா எழுதியிருக்காங்க" என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வாஷிங் மெஷின் மறுபடி நின்றுவிட்டது. துணியைக் கையால் அலசிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம். எட்டிப் பார்த்தால் கோபம் வருகிறது அவருக்கு, அதனால் அடுப்பை மட்டும் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தம்ளரோடு வந்தார். தரையெல்லாம் சிந்தியிருந்தது. ஒன்றை என் முன்னால் வைத்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன தப்புங்க?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மறந்துட்டனாட்ட இருக்குதும்மா. பரவால்ல, நீங்களே பாருங்க. என்ற புள்ளைங்கெல்லாம் தானாவே கண்டுபுடிச்சுருவாங்க."

என்னை இவர் 'நீங்க' என்று அழைத்ததே இல்லை. எந்த மாணவி என்று நினைத்தாரோ தெரியவில்லை.

நான் தேட வேண்டியிருக்கவில்லை. "பக்கத்துலயே இருந்துட்டுப் பாக்காம விட்டுட்டனுங்க" என்றேன். "ஒண்ணொண்ணுக்கும் ஒரு காரணம் சொல்லிச் சொல்லி மூணு வருசத்தை விட்டுட்டேன். களைப்புன்னு நெனச்சேன். அப்படி நெனைக்கணும்னு ஆசைப்பட்டேன்."

கவனமாகக் கேட்டார். தவறு ஒப்புக்கொள்ளப்பட்டதும் எல்லா மாணவர்களிடமும் செய்வது போலத் தலையசைத்தார். என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"பரவால்ல. எல்லாருக்கும் வர்றதுதான். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"சரிங்க சார்" என்றேன்.

என் தம்ளரில் டீத்தூள் போட மறந்திருந்தார். வெறும் பால்தான் இருந்தது. சிந்தியது போக மிச்சம் இருந்ததை முழுவதும் குடித்தேன்.